கேம் பெட்டியிலும் தேதி அச்சடிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீடியோ கேமில் மூழ்கிக் கெட்டுப்போகும் பிள்ளைகளைப் பற்றிப் போன ஞாயிற்றுக்கிழமை நம் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெற்றோர் கண்டிப்பதில்லை, செல்போனைப் பிடுங்கி வையுங்கள், மைதானத்துக்கு அனுப்புங்கள் என்று நிறைய அறிவுரை. சரி, பாதி நியாயம்தான். ஆனால் அரைப் பக்கக் கட்டுரையில் கேமை விற்கிறவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. விளையாடுகிற பையனுக்கு இத்தனை புத்திமதி சொல்கிறோமே, காசு வாங்கிக்கொண்டு பெட்டியை நீட்டுகிறவர்களிடம் நாம் எதையாவது கேட்டிருக்கிறோமா? அதற்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். இடமில்லை என்றால் நடுவில் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசியில் கேட்டிருப்பதை மட்டும் வெட்டாதீர்கள்.

பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான எஸ்.பி. ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் 26 வருடமாக ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். முன்பு டிவி, ஆம்ப்ளிஃபயர். இப்போது செல்போனும், டிவியில் மாட்டி விளையாடும் கேம் கன்சோலும்தான் அதிகம். வீடு அல்சூரில். ஆகவே வீடியோ கேமை ஏதோ வெளிநாட்டு வியாதி மாதிரி தள்ளி நின்று பேச எனக்கு வராது. வீட்டு அரிசியில் பாதி அதிலிருந்துதான் வருகிறது.

மகன் இந்த வருடம் எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கினால் கேட்ட கேம் வாங்கித் தருகிறேன் என்று வாயை விட்டிருந்தேன். தொண்ணூற்று மூன்று வாங்கிவிட்டான். மே மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூட்டிக்கொண்டு போய் 3,499 ரூபாய்க்கு ஒரு கார் பந்தய கேம் வாங்கிக் கொடுத்தேன். பெயரும் நிறுவனமும் வேண்டாம், இன்று எல்லோரும் செய்வதைத்தான் அவர்களும் செய்கிறார்கள். டவுன்லோடாகவே வாங்கிவிடலாமே அங்கிள் என்றான் கடைப் பையன். நான்தான் பிடிவாதமாக டிஸ்க் கேட்டேன். பொருள் கையில் இருந்தால்தான் எனக்கு வாங்கின மாதிரி இருக்கும். விளையாடி முடித்ததும் பாதி விலைக்கு விற்கலாம், இல்லை அண்ணன் பையனுக்குக் கொடுக்கலாம்.

வீட்டுக்கு வந்து டிஸ்க்கைப் போட்டோம். அப்டேட் வேண்டும் என்றது. எவ்வளவு என்று பார்த்தால் 68 ஜிபி! எங்கள் ஃபைபர் 40 எம்பிபிஎஸ். அதையும் மாடி வீட்டோடு பங்கு போட்டுக்கொள்கிறோம். ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது விடிகாலை நாலரைக்கு முடிந்தது. பையன் கண்ட்ரோலரைப் பிடித்தபடியே சோபாவில் தூங்கிப்போனான். “அப்போ அந்தத் தட்டுல என்னதாங்க இருக்கு?” என்று கேட்டாள் மனைவி. பதில் எனக்குத் தெரியும். தொழில்காரனாக இருந்துகொண்டு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. (அந்தக் காசுக்கு ஒரு மிக்ஸி வாங்கியிருக்கலாம் என்று அவள் சொன்னதற்கும் பதில் சொல்லவில்லை.)

காலையில் எழுந்தால் அக்கவுண்ட் திறக்க வேண்டுமாம். மெயில் ஐடி, பிறந்த தேதி, பையனுக்குப் பதினாறு என்பதால் அப்பாவின் சம்மதம், அப்பாவின் போனுக்கு ஓடிபி. அப்புறம் ஒப்பந்தம். எல்லோரும் படிக்காமல் சரி என்று அழுத்துகிற அந்த ஒப்பந்தத்தை, ஞாயிற்றுக்கிழமைதானே என்று நான் உட்கார்ந்து படித்தேன். கட்டைவிரல் வலிக்கும்வரை தள்ளியபின் ஓரிடத்தில் வந்தது: இந்த கேம் உங்களுக்கு விற்கப்படவில்லை, பயன்படுத்த உரிமம்தான் தரப்படுகிறது, சேவையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்த எங்களுக்கு உரிமை உண்டு. கடைக்காரர் கொடுத்த பில்லை எடுத்துப் பார்த்தேன். ஜிஎஸ்டி போட்டு, சரக்குக்கு நம்பர் போட்டு, விற்பனை என்றுதான் அச்சடித்திருந்தது.

சரி, எப்படியோ ஒரு வாரம் ஆசையாக விளையாடினான். எட்டாம் நாள் எங்கள் தெருவில் சாக்கடைக்குத் தோண்டியவர்கள் ஃபைபர் கேபிளை வெட்டிவிட்டார்கள். பெங்களூரில் இது மழை மாதிரி, யாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கேபிள்காரருக்குப் போன் போட்டால் “நாளெ பர்த்தீனி சார்” (நாளைக்கு வருகிறேன்). மறுநாளும் அதே பதில். பையன் கேமைப் போட்டான். டிஸ்க் சுற்றுகிற சத்தம் கேட்டது, படம் வந்தது, பாட்டு வந்தது. பிறகு ஒரு கட்டம்: சர்வருடன் இணைக்க முடியவில்லை, பிறகு முயற்சிக்கவும். சர்வர் என்றால் எங்கோ தூரத்தில் இருக்கும் கேம் கம்பெனியின் கம்ப்யூட்டர். தொண்ணூறுகளில் இங்கே இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ராத்திரியில் கதவைத் தட்டும் பேய்க்காக வீட்டுக்கு வீடு கதவில் ‘நாளெ பா’ என்று எழுதி வைத்தோமே, படித்துவிட்டு நாளைக்கு வரலாம் என்று போய்விடும் என்று. இப்போது நாம்தான் கதவைத் தட்டுகிறோம். நாளை வா என்கிறது பெட்டி.

என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தோம். ஜன்னல் ஓரம் போனை வைத்தால்தான் எங்கள் வீட்டில் டவர் கிடைக்கும். பத்து நிமிஷம் ஓடியது. அதற்குள் இன்னொரு அப்டேட் வந்து அன்றைக்கு உள்ள டேட்டாவை மொத்தமாகத் தின்றுவிட்டது. அப்போது அவன் கேட்டான்: “அப்பா, இதுல வேற யாருமே இல்ல. நான் தனியாத்தான் ஓட்டறேன். எதுக்குப்பா நெட்டு?”

எஸ்.பி. ரோட்டில் போர்டில் கருகிப்போன ஐசியைப் பெயர்த்து வேறு வைத்து உயிர் கொடுக்கிறவன் என்று எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. மல்டிமீட்டரை எங்கே வைத்தால் கோளாறு தெரியும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த ராத்திரி என் வீட்டு ஹாலில் மெஷினில் பழுதில்லை, டிஸ்க்கில் கீறல் இல்லை, கரண்ட் இருக்கிறது, கேம் மட்டும் ஓடவில்லை. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பழுது எந்த நாட்டில் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்றே தெரியாதபோது சோல்டரிங் அயனை எங்கே நீட்டுவது?

பரணில் ஏறி என் பழைய டிவி கேமை எடுத்தேன். அதன் கதையைச் சொல்ல வேண்டும். 1997-இல், அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை திறக்கப்படாமல் மூடிக் கிடந்த காலம், நானும் அண்ணனும் லைன் வீட்டு முன்னறையில் இரண்டு போர்ட்டபிள் டிவி, இரண்டு கேம் செட் வைத்துக் கடை நடத்தினோம். அரை மணிக்கு 3 ரூபாய். மாரியோவுக்கும் காண்ட்ராவுக்கும் பள்ளி விட்டதும் வரிசை நிற்கும். ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனால் ஒரு சீட்டில் மீதி நிமிஷத்தை எழுதிக் கொடுப்போம், மறுநாள் காட்டி விளையாடிக்கொள்ளலாம். இன்றைய சர்வர்காரர்களுக்கு அந்தச் சீட்டு கொடுக்கிற பழக்கம்கூட இல்லை என்பது வேறு விஷயம். கேசட் வேலை செய்யாவிட்டால் பையன்கள் எடுத்து வாயால் ஊதுவார்கள். ஊதாதேடா என்று கத்துவேன். எச்சில் ஈரம் பட்டால் பின் கறுத்துவிடும். உண்மையில் வேலை செய்வது ஊதல் இல்லை, கழற்றி மறுபடி செருகுவதுதான். அறுபது பின்னையும் பென்சில் ரப்பரால் துடைத்துச் செருகினால் போதும்.

அன்று ராத்திரியும் அதைத்தான் செய்தேன். புது டிவியில் மஞ்சள் வயர் செருகும் ஓட்டை இல்லாததால் கடையிலிருந்து 350 ரூபாய் கன்வெர்ட்டர் ஒன்று கொண்டுவர வேண்டியிருந்தது. அதை மாட்டியதும் இருபத்தெட்டு வருடத்துப் பெட்டி ஸ்விட்ச் போட்ட நொடியில் ஓடியது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, என் பிறந்த தேதியையும் கேட்கவில்லை. பையன் முதலில் சிரித்தான், பிறகு பன்னிரண்டு மணிவரை எழுந்திருக்கவில்லை.

இங்கே ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் வைத்திருந்த கேசட்டில் ஒன்றுகூட அசல் கிடையாது. ‘9999 இன் 1’ என்று லேபிள் ஒட்டிய நகல் கேசட்டுகள். அந்த கேமை உருவாக்கியவனுக்கு எங்களிடமிருந்து ஒரு பைசா போகவில்லை. கம்பெனிகள் இன்று நெட்டோடு கட்டிப் போடுவதற்குச் சொல்கிற காரணங்களில் எங்களைப் போன்றவர்களும் ஒன்று. அதை மறுக்கமாட்டேன். ஆனால் நடப்பது என்ன? பூட்டை உடைத்த நகல் கிடைக்கும்போது அதை ஓட்டுகிறவனுக்கு நெட் வேண்டாம், ஓடிபி வேண்டாம். 3,499 ரூபாய் கொடுத்தவன் ஜன்னல் ஓரம் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். தப்பு செய்த காலத்தில் நன்றாக விளையாடினேன், யோக்கியனாக வாங்கிய பிறகு விளையாட முடியவில்லை என்றால் இதை நான் பையனுக்கு எப்படி விளக்குவது?

தொழில் சம்பந்தமாக இன்னொன்று. பிளேஸ்டேஷன் 4 கன்சோலுக்குள் நேரம் காட்டுவதற்காக ஒரு காசுச் செல் இருக்கிறது. கைக்கடிகாரத்துச் செல்லைவிடக் கொஞ்சம் பெரியது, விலை நாற்பது ரூபாய். அது தீர்ந்துபோய், அதே சமயம் நிறுவனத்தின் சர்வரும் இல்லாமல் போனால், டிஸ்க்கில் இருக்கும் கேம்கூட ஓடாது என்பதை 2021-இல் விளையாடுகிறவர்களே சோதித்துக் கண்டுபிடித்துக் கூச்சல் போட்டார்கள். செல்லை மாற்றினாலும் ஒரு தடவை சர்வரிடம் போய் மணி கேட்டு வந்தால்தான் மெஷின் நம்பும். என்றைக்காவது அந்தச் சர்வரை மூடினால் உலகத்தில் உள்ள பிஎஸ்4 எல்லாம் நாற்பது ரூபாய்ச் செல்லால் ஒவ்வொன்றாகச் சாகும் நிலை. சோனி நிறுவனம் அந்த வருடம் செப்டம்பரில் ஒரு அப்டேட் விட்டுச் சரிசெய்தது. முடியாததைக் கேட்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். மனசு வைத்தால் ஒரு அப்டேட்டில் முடிகிற வேலை.

இதைப் போல இன்னும் உண்டு. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் ‘தி க்ரூ’ என்று ஒரு கார் கேம் விட்டது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி உள்ளே வைத்திருந்தார்கள். தனியாக ஓட்டினாலும் சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31-இல் சர்வரை அணைத்தார்கள், அன்றோடு பெட்டியில் வாங்கியவனின் டிஸ்க்கும் வெறும் வட்டத் தகடு. அடுத்த மாதம் வாங்கியவர்களின் அக்கவுண்டிலிருந்தே உரிமத்தை எடுத்துவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் ராஸ் ஸ்காட் என்ற அமெரிக்கர் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்று ஓர் இயக்கத்தை ஆரம்பித்தார். ஐரோப்பிய யூனியனிடம் கொடுப்பதற்காக எடுத்த கையெழுத்து 2025 ஜூலையில் 10 லட்சத்தைத் தாண்டியது. தி க்ரூ வரிசையில் அடுத்து வந்த இரண்டு கேமுக்கும் நெட் இல்லாமல் ஓடும் வசதி தருவதாக அதே நிறுவனம் 2024 செப்டம்பரில் அறிவித்தது.

2013 மார்ச்சில் வந்த சிம்சிட்டிக்கும் இதே கதைதான். நகரம் கட்டும் கேம். வந்த அன்றே சர்வர் திணறி, காசு கொடுத்தவர்கள் வாசலில் நின்றார்கள். சர்வர் இல்லாமல் ஓட்டுவது லேசில்லை என்றார்கள் கம்பெனிக்காரர்கள். சரியாக ஒரு வருடத்தில், 2014 மார்ச்சில், ஆஃப்லைனில் ஓடவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட்டும் 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை நெட்டில் தலையைக் காட்ட வேண்டும் என்று அறிவித்துவிட்டு, ஜனங்கள் போட்ட சத்தத்தில் ஜூன் 19-ஆம் தேதி வாபஸ் வாங்கியது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம்: உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு ‘வாங்குங்கள்’ என்று பட்டன் வைப்பதானால், இது உரிமம்தான் என்று கண்ணில் படும்படி சொல்ல வேண்டும்.

நம் ஊரில் ஆன்லைன் கேம் என்றாலே ரம்மி என்று ஆகிவிட்டது. நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்கிறது. நல்லது, அதில் வீடு வாசல் இழந்தவர்கள் என் தெருவிலேயே உண்டு. ஆனால் காசு கொடுத்து வாங்கிய கேம் நாளைக்கும் ஓடுமா என்ற கேள்விக்கு அந்தச் சட்டம் வரவில்லை. அதன் வேலையும் அது இல்லை. ரம்மியையும் என் மகனின் காரையும் ஒரே மூட்டையில் கட்டி ‘ஆன்லைன் மோகம்’ என்று தலைப்புப் போடுவதை நம் பத்திரிகை நிறுத்தலாம்.

நூறு பேர் ஒரு தீவில் குதித்துச் சுட்டுக்கொள்கிற கேமுக்குச் சர்வர் வேண்டும் என்பது எனக்குப் புரியாதா? அதைக் காலம் முழுக்க ஓட்டுங்கள் என்று சொல்ல நான் பைத்தியக்காரனும் இல்லை. தனியாக விளையாடுவதையும் ஏன் கட்டிப் போடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. இந்த நாட்டில் நெட் என்பது சாக்கடை தோண்டினால் போகும், கலவரம் என்றால் போகும், சில மாநிலங்களில் அரசுத் தேர்வு நடந்தால்கூடப் போகும். காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் போன 4ஜி முழுதாகத் திரும்பி வந்தது 2021 பிப்ரவரியில். எந்நேரமும் நெட் இருக்கும் என்று நினைத்துச் செய்த பொருளை இங்கே விற்பதானால் அதைச் சொல்லிவிட்டு விற்க வேண்டும்.

எங்கள் வீட்டு நந்தினி பால் பாக்கெட்டில் எந்தத் தேதிக்குள் குடிக்க வேண்டும் என்று இருக்கிறது. பெட்டியில் அடைத்து விற்கும் பொருளுக்கு எடை, விலை, தயாரித்த மாதம், புகார் சொல்ல வேண்டிய முகவரி எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டு விதிகளே இருக்கின்றன. என் பையனின் கேம் பெட்டியில் பளபளவென்று கார் படம் இருக்கிறது. நெட் தேவை என்பது பின்பக்கம் கீழ்மூலையில், என் தொழில் லென்ஸை வைத்துப் பார்த்தால் தெரிகிற எழுத்தில். நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தனியாக விளையாடவும் நெட் வேண்டுமா, டிஸ்க்குக்கு மேல் எத்தனை ஜிபி இறக்க வேண்டும், குறைந்தபட்சம் எந்தத் தேதிவரை சர்வரை ஓட்டுவோம் என்பதைப் பெட்டியின் முன்பக்கம், விலை போடுகிற அளவு எழுத்தில் அச்சடிக்கட்டும். தமிழிலும் கன்னடத்திலும் இருந்தால் இன்னும் நல்லது. சர்வரை மூடுகிற அன்று, அது இல்லாமலே ஓடும்படி கடைசியாக ஒரு அப்டேட்டைக் கொடுத்துவிட்டு மூடட்டும்.

ரிப்பேர் செய்யும் உரிமைக்கென்று 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் துறை ஓர் இணையதளம் திறந்தது. செல்போன், கார், வீட்டுச் சாமான், விவசாயக் கருவி எல்லாம் அதன் கணக்கில் வருகின்றன. என் போன்ற கடைக்காரர்கள் சந்தோஷப்பட்டோம். அந்த வரிசையில் சர்வரை நம்பி ஓடும் பொருளையும் சேர்க்கச் சொல்லி நம் பத்திரிகை ஒரு தலையங்கம் எழுதினால் என்ன? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் மின்வணிகம் என்று சொல்லும் இடத்திலேயே டிஜிட்டல் பொருட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது. வாசகர்களும் இப்படி மாட்டிக்கொண்டால் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யலாம். ஒருவர் செய்தால் காதில் விழாது, நூறு பேர் செய்தால் விழும்.

கேபிள் அறுந்த ஆறாம் நாள்தான் கேபிள்காரர் வந்தார். பையன் ஜூன் மாதமே அந்த கேமை முடித்துவிட்டான். டிஸ்க்கைப் போன வாரம் தங்கவயலில் இருக்கும் அண்ணன் மகனுக்குக் கொடுத்தனுப்பினேன். காலையில் மாரிக்குப்பம் ரயிலில் வந்து ராத்திரி திரும்புகிறவர் ஒருவர் பக்கத்துக் கடையில் வேலை செய்கிறார், அவர் கையில். இரண்டே நாளில் போன் வந்தது. “சித்தப்பா, இது எழுபது ஜிபி கேக்குது. எங்க வீட்ல போன் நெட்டுதான்.” பழைய டிவி கேமை அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

“அனுப்புங்க சித்தப்பா. அடாப்டரையும் மறக்காம போடுங்க” என்றான்.

இப்படிக்கு,
எஸ்.பி. ரோடு ரிப்பேர்க்காரன்,
அல்சூர், பெங்களூரு-8.